நான் கழுவிய கண்ணாடித் தகடு

துரையின் உதவியாளர் முகம் நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. என் மேல் வரும் கோபம் அதைவிடப் பெரிது.

கரையான்சாவடியில் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. திருமழிசைச் சாலையில் ஒரு தோட்ட பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை, என் கண் கூர்மையானது என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார். நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்துச் சின்னக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார். அதில் மயிரிழை போலக் கோடுகள் விழும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். பகலில் பூதக்கண்ணாடிக்கு அடியில் திருகாணியைத் திருகி அந்த நகர்வை அளப்பது என் வேலை. அளந்ததும் தகட்டைத் தலைமாற்றி வைத்து மறுபடி அளக்க வேண்டும். கண் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இரண்டாவது அளவு காட்டிக்கொடுத்துவிடும். என் அளவுகள் ஒரு நாளும் பிசகியதில்லை. அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவது துரையின் உதவியாளர், பி.ஏ. படித்தவர். துரைக்குத் தமிழ் வராது, எனக்கு ஆங்கிலம் வராது. நடுவில் அவர்தான்.

ஒரு நட்சத்திரத்துக்குச் சில வாரம் விட்டு இரண்டாவது தகடு எடுத்தார்கள். முதல் தகட்டில் விலகிப் போன நட்சத்திரம் இதில் நெருங்கி வந்தது. நான்கு தடவை தலைமாற்றி வைத்துப் பார்த்தேன். அதே அளவுதான். உதவியாளர் நான் அளவு எழுதிக் கொடுத்த தாளை என் முன் வீசினார்.

“நச்சத்திரம் இன்னா உன் ஊட்டு மாட்டு வண்டியாய்யா, போன மாசம் அப்பிடிப் போயி இந்த மாசம் இப்பிடித் திரும்பறதுக்கு?”

பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை என்னைப் பார்த்தார். கண் தப்பிவிட்டது என்று தலையாட்டு, இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார் உதவியாளர், மெதுவாக. நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிறவன் நான். தலையாட்டினேன். உதவியாளர் தாளில் என் அளவை அடித்துவிட்டார். கண்ணாடியாவது வேறு எதற்காவது உதவட்டும், தகட்டைக் கழுவி வை என்றார். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் நானே கழுவினேன். கோடுகள் கண்ணாடி மேல் பூசியிருந்த சவ்வோடு உரிந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டன.

மூன்றாவது தகட்டைத் துரையே அளந்தார். கோடுகள் முதல் தகட்டில் இருந்த இடத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருந்தன. அந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றோடு சேர்ந்து சுற்றுகிறது, அதனால்தான் போவதும் வருவதுமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. துரை இரண்டாவது தகட்டைக் கேட்டார். உதவியாளர் கூசாமல் என் பக்கம் கையை நீட்டினார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். “கண்ணு தப்பலீங்க. நாலு தபா திருப்பி வச்சிப் பாத்தேன், அதே அளவுதான் வந்துச்சி. இவுருதான் கழுவச் சொன்னாரு.”

துரை உதவியாளரைப் பார்த்தார். அவர் நான் சொன்னதை ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடித்தார். அதில் ஒன்று எனக்கும் தெரிந்த சொல், ‘சாரி’. துரை தலையசைத்துவிட்டுப் பூதக்கண்ணாடிக்குக் குனிந்தார்.