ஜன்னலில் தொங்கிய ஐந்து சிடிகள்

மூன்று வருடம் இருக்கும். டிசம்பர் மாதம், அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள். சாந்தோம் பக்கத்தில், கண் தெரியாத பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதிப் பள்ளியில் நான் ஆயாவாக இருக்கிறேன். பெருக்குவது, துடைப்பது, சாப்பாட்டு ஹாலில் தட்டு வைப்பது, பிள்ளைகளின் கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சே வராது, குரல் உள்ளே போய்விடும். அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததை இப்படி எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கத்தில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு பிரெய்ல் மெஷின். கெட்டித் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும், பிள்ளைகள் அதை விரலால் தடவிப் படிப்பார்கள். பரீட்சைக் கேள்வித்தாளும் அதில்தான் வரும். ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் இந்த மெஷினுடைய பட்டை ஒயரைச் சொருக அதில் இடமே இல்லையாம். அதனால் பழசை விட முடியவில்லை.

இந்த இரண்டையும் கட்டி மேய்த்தவர் ஒரு டீச்சர். நாற்பது வயது இருக்கும். அவருக்கும் கண் தெரியாது. ஒன்பது வயது வரை பார்வை இருந்து, அப்புறம் ஒரு காய்ச்சலில் போய்விட்டதாம். திரையில் என்ன வந்தாலும் கம்ப்யூட்டரே வாய்விட்டு அவருக்குப் படித்துச் சொல்லும். இங்கிலீஷில், மூச்சு விடாமல், வெந்நீர் கொதிக்கிற மாதிரி கடகடவென்று. நான் தரை துடைத்துக்கொண்டே கேட்பேன். ஒரு வார்த்தை புரியாது. அவர் மட்டும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பார்.

அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் காலையில்தான் மெக்கானிக் வந்தார். உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைத் திரும்பப் போட்டார். திரை வந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பிரெய்ல் மெஷின் பக்கத்தில் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பள்ளியை நடத்துகிற கன்னியாஸ்திரி, நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், டீச்சரோடு பக்கத்தில் நின்றார். நான் அதே அறையில்தான் மாப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் ரொம்பப் பழசு சிஸ்டர். இதோட டிரைவர் நெட்லயும் கிடைக்கல. வாங்கும்போது கூட சிடி குடுத்திருப்பாங்களே, அதக் குடுங்க, போட்டுத் தரேன்" என்றார் மெக்கானிக்.

டீச்சர் உடனே, "பிஸ்கட் டப்பால போட்டு அலமாரி அடித்தட்டுல வச்சிருக்கேன். ஒவ்வொரு உறை மேலயும் பிரெய்ல்ல பேர் ஒட்டியிருக்கேன்" என்றார். சிஸ்டர் குனிந்து தேடினார். டப்பாவைக் காணோம்.

 அந்த டப்பா என்னிடம்தான் இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது டப்பாவைப் பார்த்தேன். ஊசி நூல் வைக்க வாகாக இருந்தது. உள்ளே ஐந்து சிடி. இந்தக் காலத்தில் யார் சிடி போடுகிறார்கள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். சாப்பாட்டு ஹால் ஜன்னலில் புறாத் தொல்லை தாங்காது, தட்டில் எல்லாம் எச்சம் போடும். இந்தப் பக்கம் ஃபிளாட்டுக்காரர்கள் பால்கனியில் சிடியை நூலில் கட்டித் தொங்க விடுவார்கள், பளபளப்பைக் கண்டு புறா வராது என்று. நானும் ஐந்தையும் கட்டித் தொங்க விட்டேன். உறைகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆயாம்மா, ஒரு பிஸ்கட் டப்பா பாத்தீங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்" என்றேன். இரண்டே வார்த்தை. வயதானவள், தினமும் பூசைக்குப் போகிறவள், கூசாமல் பொய் சொன்னேன்.

மெக்கானிக் வேறு இடத்துக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டார். "அப்போ நாளைக்குக் கேள்விய வாசிச்சுச் சொல்ல வெளியில இருந்து ஆள் வரச் சொல்றேன்" என்றார் சிஸ்டர்.

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது. போன பரீட்சையிலும் இப்படித்தான் ஒரு நாள் மெஷின் ஓடவில்லை. வாசிக்க வந்தவர் கணக்கை ஒரு தடவை வாசித்தார், இரண்டாவது தடவை சலித்துக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்கப் பயந்து ஒரு பிள்ளை நாலு கணக்கை அப்படியே விட்டுவிட்டது. சாயந்திரம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "எனக்குப் படிக்கத் தெரியும் ஆயாம்மா. என் கையில தாளே குடுக்கலயே" என்றது. அதே வகுப்பில் பதினோரு பிள்ளைகள். நாளைக்கும் கணக்குப் பரீட்சை.

டீச்சர் சிஸ்டரிடம், "சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க. கேள்வி எல்லாம் என் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு, பேசுற சாஃப்ட்வேரும் இருக்கு. ஆயாம்மாவை மட்டும் என்கூட விடுங்க" என்றார்.

"ஆயாம்மாவா? மத்த டீச்சர்ஸ் கிளாஸ் முடிஞ்சதும் வருவாங்களே."

"ஏபிசிடி தெரியும் இல்ல? போதும்."

சிஸ்டர் போன பிறகு டீச்சர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்கு உட்கார வரவில்லை, முனையில் ஒட்டிக்கொண்டேன். அவர் கீபோர்டில் ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி, வேகமாக எதையோ அடித்தார். சத்தம் ஒன்றும் இல்லாமல், கண்ணும் இல்லாமல், எந்தப் பட்டனுக்கு அப்புறம் எது என்று விரலாலேயே எண்ணிக்கொண்டு போனார்.

"இப்ப திரையில என்ன இருக்கு?"

"பெட்டி மாதிரி ஒண்ணு வந்துகீது டீச்சர். வரிசையா சின்னச் சின்னப் படம், பக்கத்துல இங்கிலீஷ் எழுத்து."

"அதுல எங்கயாவது மஞ்சள் தெரியுதா? மஞ்சள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சொல்லுங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். "கீது டீச்சர்! மஞ்சளா கேள்விக்குறி."

"அதுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்த ஒவ்வொண்ணா சொல்லுங்க."

பெரிய எழுத்து எனக்குத் தெரியும். சின்ன எழுத்தில் குழப்பம். "எம்... அப்புறம் கிண்ணம் மாதிரி ஒண்ணு... ஒரு கோடு... அப்புறம் சிலுவை மாதிரி..." என்றேன். நான் சொல்வதை எல்லாம் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். ஐந்தாவது எழுத்துக்குள் பிடித்துவிட்டார்.

"மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர். அதுதான் ஆயாம்மா, இதோட தொண்டை. ஒவ்வொரு சாமானும் கம்ப்யூட்டரோட பேச ஒரு சின்ன புரோகிராம் வேணும், அதுக்குப் பேர்தான் டிரைவர். அது இல்லாம ஊமையா கெடக்கு. மருந்து அந்த பிஸ்கட் டப்பாலதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

என்னால் முடியவில்லை. "டீச்சர், நான்தான் எடுத்தேன்" என்று உடைந்துவிட்டேன். டப்பா, ஊசி நூல், புறா, எல்லாம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "தெரியும் ஆயாம்மா" என்றார். "காலையில அவரு சிடின்னு சொன்ன உடனே உங்க மாப் சத்தம் நின்னு போச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஓடவே இல்ல. அதான் உங்களையே கூப்பிட்டேன்."

எனக்கு அழுகை. அவருக்குச் சிரிப்பு. "புறாவுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்திருக்கீங்க. சரி, அதுங்க பரீட்சை எழுதி முடிச்சிருந்தா சிடிய அவுத்துட்டு வாங்க."

ஓடினேன். ஐந்தும் கடல் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. புறாக்கள் பயந்ததாகவும் தெரியவில்லை, ஒன்றின் மேல் எச்சமே போட்டிருந்தது. அவிழ்த்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். டீச்சர் விரலால் தடவி, "ஐயோ, கம்பியில உரசி ஒரே கோடா இருக்கே" என்றார். உறை இருந்திருந்தால் எது எது என்று அவரே தடவிச் சொல்லியிருப்பார். அதைத்தான் நான் பேப்பரோடு போட்டேனே. மறுபடி என் கண்தான் வேண்டியிருந்தது. ஒன்றில் டி, ஆர், ஐ, வி, இ, ஆர் என்று இருந்தது. இரண்டு பாட்டு சிடி. ஒன்றில் யாரோ பேனாவால் ஆண்டு விழா என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது வெயிலில் வெளுத்து ஒரு எழுத்தும் இல்லாமல் இருந்தது. "அப்போ அதுதான் மெஷினோடது" என்றார். எச்சம் பட்டது அதுதான்.

"சோப்புத் தண்ணில அலசுங்க. துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க, நடுவுல இருந்து வெளிய நேர்கோடா இழுங்க" என்றார். துடைக்கிற வேலை எனக்குத் தெரியும். பழைய நூல் புடவைத் துணியால் இரண்டையும் குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன்.

முதல் சிடியைப் போட்டதும் டீச்சர் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தார். "சுத்துது... தடுக்குது... ஆங், பிடிச்சிக்கிச்சு" என்றார். திரையில் ஒரு பெட்டி வந்தது. பட்டன் எழுத்தை நான் கூட்டிக் கூட்டிச் சொன்னேன், அவர் அழுத்திக்கொண்டே போனார். திடீரென்று இன்னொரு பெட்டி. மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. நான் பதறிவிட்டேன்.

"டீச்சர், எஸ், டி, ஓ, பின்னு போட்டுகீது. நிறுத்தச் சொல்லுது டீச்சர்!"

"அது பழைய விண்டோஸோட குணம் ஆயாம்மா. தெரியாதவங்க யார் வந்தாலும் நிறுத்துன்னுதான் முதல்ல சொல்லும். பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்கும் பாருங்க, சி-ல ஆரம்பிக்கும்."

இருந்தது. "அதுக்கு இன்னா அர்த்தம் டீச்சர்?"

"பரவாயில்ல, மேல போ."

மேலே போனோம். பென்டிரைவில் இருந்த சாஃப்ட்வேரையும் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது பாருங்கள், அதே இங்கிலீஷ், அதே கடகட. டீச்சர் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். திரையைப் படிக்க அதற்கு மேல் அவருக்கு என் கண் தேவைப்படவில்லை.

ஆனால் இரண்டாவது சிடி மக்கர் பண்ணியது. "பல்லைக் கடிக்குது" என்று வெளியே எடுத்தார். மறுபடி துடைத்தேன். மறுபடி பல்லைக் கடித்தது. மணி நாலரை. சிஸ்டர் வாசிப்பவரைப் பார்த்து முடிவு பண்ண மயிலாப்பூர் பக்கம் கிளம்பிப் போயிருந்தார். டீச்சர் யோசித்துவிட்டு, "வெள்ளைப் பேஸ்ட் இருக்கா?" என்றார். என் பல் விளக்கும் பேஸ்டைக் கொண்டு வந்தேன். கீறல் எங்கே ஆழமாக இருக்கிறது என்று அவர் நகத்தால் காட்ட, நான் பேஸ்டைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கழுவித் துடைத்துப் போட்டோம். மாதா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடாதீங்க, நம்ம ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான் இருக்கு" என்றார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. நான் மூடியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரை தெரியாது.

பெட்டிக்குள் சத்தம் மெல்லிசாக, ஒரே சீராக மாறியது. ஐந்தே காலுக்கு மெஷின் டடடடவென்று ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் என்ன என்று தெரியாதா? விளையாட்டு நின்றது. பிறகு, "ஐயோ, பரீட்சை கீதுடீ!" என்று ஒரு கூச்சல். ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மிஸ் சரி பண்ணீங்க?" என்று கேட்டது. போன தடவை அழுத பிள்ளை மட்டும் உள்ளே வந்து, மெஷினில் இருந்து சூடாக வருகிற தாள் ஓரத்தைத் தொடப் போனது. "ஏய், கேள்வித்தாள்டீ அது, கையை எடு" என்று டீச்சர் விரட்டினார். பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடியது. பதினோரு தாளும் ஆறு மணி ஜெப மணிக்குள் முடிந்துவிட்டது.

சிஸ்டர் திரும்பி வந்து சத்தத்தைக் கேட்டு அசந்து நின்றார். "சிடி எங்கே கிடைச்சது?" என்றார்.  சொல்லிவிடணும் என்று வாயைத் திறந்தேன், வழக்கம் போலக் குரல் உள்ளே போய்விட்டது.

டீச்சர், "ஆயாம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க சிஸ்டர். அவங்க இல்லன்னா இன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது" என்றார்.

அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. சிஸ்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மறுநாள் ஜெபத்தில் எனக்காகப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். டீச்சர் ஒரு ஓரமாக எல்லாரோடும் சேர்ந்து தட்டினார்.

அவர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். டிரைவர் சிடி இரண்டும் மறுபடி பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, உறை மேல் அவர் புதிதாக ஒட்டிய பிரெய்ல் பேரோடு. பாட்டு சிடி ஒன்றை மட்டும் புறாவுக்கு என்று அவரே கையால் ஜன்னலில் கட்டிவிட்டுப் போனார். கண் இல்லாமல் காதாலும் விரலாலும் ஒரு ஊமைக் கம்ப்யூட்டரைப் பேச வைத்த அவருடைய திறமையை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அதைவிட, என் குற்றத்தை முழுசாகத் தெரிந்துவைத்துக்கொண்டே எனக்குக் கை தட்டினாரே, அந்தச் சத்தம்தான் இந்த மூன்று வருடமாக என் காதில் நிற்கிறது, அன்றைக்கு அவர் எனக்காகச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு நானே எழுதிவிட்டேன்.