கோர்ட்டில் நடுங்கிய குரல்

குத்தகைக் கோர்ட்டில் முதல் வாய்தா அன்று என் குரல் நடுங்கியது. மிராசுதாரின் வக்கீல் விடுவாரா? "குரலக் கேளுங்க சார், பொய் சொல்றப்ப இப்படித்தான் உதறும்" என்றார். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கணவர் போன பிறகு, வலங்கைமான் பக்கத்தில் மிராசுதாரின் நிலத்தை நான்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தேன். என்னை வெளியேற்ற அவர் வழக்குப் போட்டிருந்தார். சொந்த உடம்பால் உழைத்தால்தான் குத்தகைதாரர் என்பது சட்டம். சட்டம் உங்கள் பக்கம் என்று கழகக் கூட்டங்களில் மைக் வைத்துச் சொன்னார்கள். கோர்ட்டுப் படியேறியபோது அந்த மைக் கூட வரவில்லை. நான் வரப்பில் குடை பிடித்து நிற்பவள், வேலை செய்வதெல்லாம் கூலியாட்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். என்னிடம் குடையே கிடையாது.

நடுக்கம் கோர்ட்டில் தொடங்கியது அல்ல. தாளடி அறுப்பிலிருந்தே இருந்தது. அடுத்த வாய்தாவுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஒரே மூச்சில் 'ஆ' சொல்லச் சொல்லி டேப்பில் பிடித்தார். கிசுகிசுப்பாகப் பேசச் சொன்னார். அப்போது நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயத்துல வர்ற நடுக்கம் கூடும், குறையும்மா. உங்களுக்கு ஒரே சீரா வருது. இது நரம்புக் கோளாறு. கோர்ட்டுக்கு வேணும்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தரேன்."

பதறிப்போனேன். சீக்காளி எப்படி நாற்று நடுவாள் என்று அதே வக்கீல் கேட்பாரே! நடுங்கினால் பொய்க்காரி, காரணம் சொன்னால் சீக்காளி.

"எதுவும் எழுதிடாதீங்கம்மா. கையிலயும் வருமா?"

"சிலருக்கு வரும். சிலருக்கு வரவே வராது. இப்ப உங்க கை நல்லாத்தான் இருக்கு."

அந்த 'இப்ப' என்னைத் தூங்கவிடவில்லை.

நடுக்கத்தை முழுதாகப் போக்க முடியாது, வெளியே தெரிவதைக் குறைக்கலாம் என்று அந்தப் பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சை விட்டபடி மெதுவாகத் தொடங்க வேண்டும். சொல்லை இழுக்கக் கூடாது. சின்னச் சின்னதாகப் பேசி நிறுத்த வேண்டும். மோட்டார் கொட்டகையில், பம்புசெட் இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காமல் பழகினேன்.

"யாரும்மா நடவு செய்யறது?" என்று அடுத்த வாய்தாவில் அதிகாரி கேட்டார்.

"நான்தாங்க."

"களை?"

"நானும் மகளும்."

வக்கீல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒருமுறை குரல் ஆடியது, இருமிச் சமாளித்தேன். நிலம் என்னிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது.

அந்தக் குறுவைக்கு நடவில் இறங்கினேன். நாற்று முடியை அவிழ்க்கும்போது வலது கட்டைவிரல் லேசாக ஆடியது. அலுப்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதே நேரம் பார்த்து மிராசுதாரின் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார்.

"என்னம்மா, உடம்பெல்லாம் சௌக்கியமா?"

இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை சேற்றுக்குள் விட்டுக்கொண்டேன். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"சௌக்கியந்தாங்க."