எர்னஸ்டீன் தள்ளிப்போட்ட சோதனை

அலபாமாவின் கரிசல் வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். அங்கே கோழி ஆலையில் இறக்கை வெட்டும் வேலை பார்த்தாள் எர்னஸ்டீன் மோஸ்லி. வாய்த்துடுக்குக்காரி. அவள் நிற்கும் வரிசையில் சிரிப்புச் சத்தம் ஓயாது.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் பேசியதில்லை. மகள் டெரிஷா பிறந்த பிறகு கருப்பை வாய்ச் சோதனைக்குப் போயிருந்தாள். கால்களை அகட்டிப் படுக்கவைத்த இளம் டாக்டர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் அவள் உடம்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு உடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், பிறகு அந்தச் சோதனைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காலப்போக்கில் ஊர் மருத்துவமனையில் பிரசவ வார்டையும் மூடிவிட்டார்கள். பெண்களுக்கான டாக்டரைப் பார்க்கத் தொலைவிலுள்ள மாண்ட்கமரி நகரத்துக்குப் போக வேண்டும். ஆலையில் லீவு கேட்டால் பேர் கெடும். சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

மாதவிலக்கு நின்று பல வருடங்கள் கழித்து ரத்தம் பட்டது. தங்கை விலெட்டாவிடம் சொன்னாள்.

"திரும்பவும் வயசுக்கு வந்துட்டேன் போலடி."

"அப்போ மாப்பிள்ளை பாத்துர வேண்டியதுதான்க்கா!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. இடுப்பு வலி சேர்ந்துகொண்டது, அப்புறம் நாற்றம். எர்னஸ்டீன் வாசனைப் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டாள்.

சர்ச்சுக்கு வருகிறவர்களை உட்காரவைக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. அதற்கு வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது டெரிஷா மட்டும் அம்மாவின் உடுப்பின் பின்பக்கத்தில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டாள். தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி, வெளியே கூட்டிப்போனாள்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"வண்டிய எடு."

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"ஈஸ்டர்லருந்து."

டெரிஷா வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள்.

ஊர் கிளினிக்கின் நர்ஸ் பேரப்பிள்ளைகளைப் பற்றி வளவளவென்று பேசிக்கொண்டே பார்த்தவர், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். அப்போதே எர்னஸ்டீனுக்கு விளங்கிவிட்டது. மாண்ட்கமரி டாக்டரம்மா மிச்சத்தைச் சொன்னார். கருப்பை வாயில் புற்றுநோய், சிறுநீர்க்குழாயையும் அடைத்துவிட்டது.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள் எர்னஸ்டீன்.

டாக்டரம்மா தயங்கினார். "நோயா மாறுறதுக்கு முந்தியே, கெட்ட இடத்தை மட்டும் சின்னதா வெட்டி எடுத்திருப்போம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

எர்னஸ்டீன் தலையாட்டினாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ இந்தச் சோதனைய எப்போ பண்ணிக்கிட்ட?"

டெரிஷா தரையைப் பார்த்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? எப்போடி?"

"பண்ணிக்கல."

டாக்டர் முன்னாலேயே மகளைக் கண்டபடி ஏசினாள். அந்தத் தாயின் வாயிலிருந்துதானே 'அங்கெல்லாம் போகாதே' என்று கேட்டு டெரிஷா வளர்ந்தாள்?

கதிர்வீச்சு தொடங்கியதும் எர்னஸ்டீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அப்படியும் டெரிஷாவின் சோதனைக்கு, வாந்தி எடுக்க ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம், "பேசிக்கிட்டே பாருங்க. பேசாம பாக்காதீங்க" என்றாள். டெரிஷாவுக்கும் கருப்பை வாயில் மாற்றம் தொடங்கியிருந்தது, இன்னும் நோயாகவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அன்று மதியமே வீட்டுக்கு வந்து சூப் குடித்தாள். எதிர் நாற்காலியில் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா பொறாமையா என்று டெரிஷாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கதிர்வீச்சு கைகொடுக்கவில்லை. பருத்தி பூக்கும் முன்னே எர்னஸ்டீன் இறந்துபோனாள். கடைசி வாரங்களில் மருந்தையும் மீறி வலியில் கத்தினாள். சிரிக்கவைத்த அந்த வாயிலிருந்து வசவு மட்டுமே வந்தது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், "நீண்டநாள் சுகவீனத்துக்குப் பின்..." என்று ஆரம்பித்தார். டெரிஷா எழுந்து நின்றாள்.

"சுகவீனம் இல்ல பாஸ்டர். கருப்பை வாய்ல கேன்சர். சோதனை பண்ணியிருந்தா எங்கம்மா இங்க உக்காந்திருப்பாங்க."

சர்ச்சில் வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் அப்படியே நின்றன. விலெட்டா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. ஆம்பளைங்க இருக்காங்க."

அந்தக் கோடையில் சர்ச் வண்டியில் சில பெண்கள் சோதனைக்காக மாண்ட்கமரிக்குப் போனார்கள். விலெட்டா போகவில்லை. வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் டெரிஷா அவளைக் கூப்பிடுகிறாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்கிறாள் சித்தி.