லத்தீபின் இடப்பக்கம்

கண்டக்குழியில் த்ரீவீலர் ஓட்டும் லத்தீப் என் தங்கை ஹஃபீலாவின் கணவன். காலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவான். ஹாரனுக்கும் வாய்க்கும் ஓய்வு கொடுக்காத ஆள்.

எங்கள் சொந்தக்காரர் ஸாஜித் வீட்டுக் கலியாணத்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரிய தட்டு ஒன்றுதான். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிடுவது மரியாதை. லத்தீபின் வலப்பக்கம் நான். அவன் கை என் பங்குக்குள் வந்து என் கோழித்துண்டை எடுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்ட சோறு அங்க ஈக்கே?"

"எல்லாம் முடிஞ்சி மச்சான்."

அவனுக்கு இடப்பக்கம் சோறும் கோழியும் அப்படியே கிடந்தன. பேராசை பிடித்தவன் என்று மனதுக்குள் திட்டினேன்.

திரும்பும்போது நானும் என் மகள் றுஷ்னாவும் அவன் த்ரீவீலரில் பின்னால் இருந்தோம். ரோட்டின் இடது ஓரத்தில், எங்களுக்குப் பின்பக்கம் காட்டி, ஒரு கழுதை மேய்ந்துகொண்டிருந்தது. லத்தீப் வேகத்தைக் குறைக்கவில்லை.

"மச்சான், கழுத."

"எங்க?"

வண்டி அதை நோக்கியே போனது. மகளை இறுக்கிப் பிடித்தேன். கழுதை தலையைக்கூடத் திருப்பவில்லை. வாயில் புல்லோடு புதருக்குள் பாய்ந்தது. வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி வேலிக்கம்பத்தில் பட்டு நொறுங்கியது. வண்டி நின்றது. றுஷ்னா அழுதாள்.

"எந்தக் கழுத?" என்றான் லத்தீப். அவன் நடிக்கவில்லை.

புத்தளத்தில் டாக்டர் பிறகு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் பழுதில்லை, மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. அந்த மூளை இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும், விட்டதை அவனுக்கும் சொல்லாது. கழுதைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில். மேய்ந்தபடியே பின்னால் வருவதையும் பார்க்கும். நாம் ஏளனம் செய்யும் அந்தக் கழுதை மூளைதான் அன்று தன் உயிரையும் எங்கள் உயிரையும் காப்பாற்றியது.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக் காலையில் இந்த வண்டியில் ஏறப்போகும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். இறங்கி அவனுக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

"சாவியத் தா."

"நான் ஓட்டாட்டி புள்ளைகள் ஆரோட போற?" என்று கேட்டவன், வலப்பக்கமே தேடினான். "மச்சான், நீ எங்க நிக்கிற?"

அவன் இடது தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. பிறகு சாவியைக் கழற்றி, யாரும் இல்லாத வலப்பக்கம் நீட்டினான்.

நான் சுற்றிப்போய் வாங்கிக்கொண்டேன்.