சுருங்கிப்போன துஆ

மழை எங்கள் வீட்டுக்கு நல்லது என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். எலப்புள்ளியில் மற்றவர்கள் வானத்தைப் பார்த்து வயலுக்காகக் கவலைப்படும்போது, அத்தா கம்பளிகளையும் போர்வைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு இடுக்கி மலைக்கு விற்கக் கிளம்புவார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் மழை பிடித்தால் குளிர் தாங்காது. எங்கள் பெருநாள் துணியும் ஸ்கூல் பீஸும் அந்தக் குளிரிலிருந்து வந்தவைதான். அடுத்தவர் நடுக்கத்தில் பிழைத்தோம் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அப்போது எனக்கு ஏழு வயது. மழை பெய்தால் கைதட்டுவேன்.

அந்த வருடமும் தட்டினேன். அத்தா தங்கியிருந்த லயத்துக்கு மேலிருந்த சரிவு ஒரு விடிகாலையில் இடிந்து, வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளை மண்ணோடு இழுத்துக்கொண்டு போனது. அத்தாவின் தம்பி, என் சின்னத்தா, அன்றைக்கே மலையேறினார். உயிரோடு சிலர் கிடைத்தார்கள், மய்யித்தாகச் சிலர். அத்தா எதிலும் இல்லை.

வீட்டில் ஆட்கள் குறையவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஸபர் செய்யச் சொன்னார்கள். பொறுமை ஏதோ கடைச் சாமான், அம்மா வாங்கிவைக்க மறந்துவிட்டாள் என்பதுபோலச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அத்தாவின் அக்கா ஒருபடி மேலே போனாள். கருகமணியைக் கழற்றிவிட்டு இத்தா இருந்துவிடு, இனி யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலத்துக்குத்தான் இத்தா என்று பெயர். அம்மா கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அல்லா எனக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க மதினி."

பள்ளிவாசல் அசரத்தும் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்லியனுப்பினார். நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி மய்யித்து முன்னால் இல்லாமல் ஜனாஸா என்கிற அடக்கத் தொழுகை கிடையாது. ஆகவே அத்தாவுக்குத் தொழுகையும் இல்லை, கபர்க் குழியும் இல்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, வந்தவர்களுக்கு டீ போட.

ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் அம்மா கையேந்துவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொல்வேன். ஆரம்பத்தில் அவள் துஆ நீளமாக இருந்தது. அவரை உயிரோடு திருப்பிக் கொடு, கை கால் போயிருந்தாலும் பரவாயில்லை, உட்காரவைத்து நான் சோறு போடுகிறேன் என்று அல்லாவிடம் பேரம் பேசுவாள். மழை விடவில்லை. தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், மண் இறுகிவிட்டது என்று சின்னத்தா போனில் சொன்னார். அதற்குப் பிறகு சோறு போடுகிற பேச்சு நின்றது. உயிர் என்ற சொல்லும் ஒருநாள் காணாமல் போனது. கடைசியில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது.

"யா அல்லா, அவர எங்க கையில குடுத்துரு."

சீக்கிரம் முடிகிறதே, கால் மரத்துப்போகாது என்று எனக்கு உள்ளூர நிம்மதி. அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அதனால்தான் சுருக்கமாகக் கேட்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். அவளும் அழுவதை நிறுத்தியிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் போன் வந்தது. சின்னத்தா அழுவது எனக்கே கேட்டது. அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"மொகம் தெரியுதுங்களா தம்பி?"

அவர் என்ன சொன்னாரோ, அம்மா போனைக் கீழே வைத்தாள். அல்ஹம்துலில்லா என்று சொல்லி, இருந்த இடத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வயிறு நிறையச் சாப்பிட்டால் அல்ஹம்துலில்லா சொல்ல வேண்டும், பரீட்சையில் பாஸானால் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேறு எதற்கும் அதைச் சொல்வார்கள் என்று தெரியாது. தெருவில் இறங்கி ஓடினேன். அத்தா வர்றாங்க, அம்மா அல்ஹம்துலில்லா சொல்லிட்டாங்க என்று வீட்டுக்கு வீடு கத்தினேன். பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எங்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள். ஒருத்தி மட்டும் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் தூக்குகிறாளே என்று வெட்கமாக இருந்தது. அத்தா எப்போது வருகிறார் என்று ஒருவர்கூட கேட்கவில்லை. எனக்கு அதில் ரொம்பக் கோபம். கேட்டிருந்தால், குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் யாருடனும் பேசுவார் என்று சொல்லியிருப்பேன்.