ஒரு பிடி மா

போன லீவுக்குக் கொழும்பிலிருந்து குருக்கள்மடத்துப் பக்கம் கடற்கரையோரம் இருக்கிற என் மச்சாள் வீட்டுக்குப் போனோம். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை; அவவுக்கு நானும் மச்சாள்தான். பிள்ளைகளுக்குக் கடல் ஆசை, அவருக்கு மீன் ஆசை. எனக்கு இருந்த ஆசையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வேறு யாராவது சமைத்துப் போட்டதை, கேள்வி கேட்காமல், பயப்படாமல், ஒரு நேரமாவது வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குக் கோதுமை ஆகாது. அதற்குள் இருக்கிற குளூட்டன் என்ற சத்தை என் குடல் ஏற்காது. மாடிப்படி ஏற முடியாமல், தலைமுடி கொட்டி, இரத்தம் குறைந்து, இது காய்ச்சலா கவலையா என்று வருஷக்கணக்கில் அலைந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஒரு சிட்டிகை போனாலும் போதும், படுத்துவிடுவேன். "நீங்க சோறு தின்ற ஆள்தானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று டொக்டர் முதற்கொண்டு எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சும்மா போங்கப்பா! பாண் ஆகாது, பராட்டா ஆகாது, ரோல்ஸ் ஆகாது, அதெல்லாம் எனக்கும் தெரியும். இடியப்பத்துக்குள் கோதுமை மா. கடைக் குழம்புக்குள் என்ன கிடக்கிறதென்று கடைக்காரனுக்கே தெரியாது. பெருங்காயத்துக்குள்ளும் கோதுமை என்று அறிந்த அன்று நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். கல்யாண வீடுகளில் சோடா குடித்துவிட்டு வருகிறேன். யார் வீட்டிலாவது இன்னும் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டு, "இன்னும் ஒள்ளுப்பம் போடுங்க" என்று நான் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

எங்கே போனாலும் என்னோடு ஒரு பை வரும். அதற்குள் ஒரு சின்னச் சட்டி, அகப்பை, அரிதட்டு, நானே வறுத்து அரித்த அரிசி மா. இந்தப் பயணத்துக்கு அந்தப் பையைத் தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அவர் கேட்காமல் வேனின் பின்பக்கம் தூக்கிப் போட்டார். கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

மச்சாளுக்கு முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லியிருந்தோம். "ஒண்டுக்கும் பயப்பிடாதீங்க மச்சாள். இது வட்டைக்குள்ள விளையிற நெல்லத் திண்டு வளர்ந்த ஊர். கோதம்ப மாவுக்கு இஞ்ச என்ன வேலை?" என்றா. கேட்கவே வயிறு குளிர்ந்தது.

போன அன்று மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பால் விட்ட மீன் குழம்பு, இறால் பொரியல், எருமைத் தயிர். இறாலை மட்டும் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளும் தூளும் தவிர வேறொன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பின்வாசலில் கடற்காற்றில் படுத்தேன். நல்ல நித்திரை.

பின்னேரம் புட்டு அவித்தா. "அரிசி மாதானே மச்சாள்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓம் மச்சாள், நான் வறுத்த மாதான்" என்றா. பஞ்சு போல இருந்தது. தேங்காய்ப்பூ, முரல் மீன் சொதி. ஐயோ, அந்தப் புட்டு! ஆசைதீரச் சாப்பிட்டேன்.

விடிந்தபோது எனக்கு எழும்ப முடியவில்லை. வயிறு என்னை முறுக்கிப் பிழிந்து போட்டிருந்தது. இந்தக் களைப்பு ஒரு நாளில் போகாது. வாரக்கணக்கில் எலும்புக்குள் இருக்கும். பிள்ளைகள் கடலுக்குக் கூப்பிட்டார்கள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மச்சாள் பால் விடாத பிளேன்ரீயோடு வந்து நின்றா. நான் நயமாகத்தான் கேட்டேன், அப்படித்தான் நினைக்கிறேன். "மச்சாள், புட்டுக்குக் கோதம்ப மா கலந்தீங்களா?"

"இல்ல மச்சாள்."

"ஒள்ளுப்பம்கூட இல்லையா? மெதுமைக்கு?"

அவவின் முகம் சுருங்கியது. "அம்மாளாண நான் போடல்ல" என்றா.

அந்தப் பக்கத்தில் கண்ணகி அம்மன் பேரில் யாரும் விளையாட்டுக்கு ஆணையிட மாட்டார்கள். அதற்குமேல் நான் என்ன கேட்பது? ஆனால் என் வயிறு பொய் சொல்லவில்லையே! அவர் மெதுவாக வந்து, "தங்கச்சி பொய் சொல்லமாட்டா" என்றார். "அப்ப நான் நடிக்கிறனா?" என்று சீறினேன். அவர் கடற்கரைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வேனிலிருந்து பை இறங்கியது. மச்சாள் வீட்டுப் பின்பக்கத்தில் கல் வைத்து, என் சட்டியில் எனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சினேன். அவ சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. அண்ணன் பெண்சாதி தன் வீட்டுக்கு வந்து தனி அடுப்பு மூட்டினால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கண்ணூறா இருக்கும் கா, மிளகாயச் சுத்திப் போடுங்க" என்றாள். இன்னொருத்தி வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சத்தியமாக, நோயைவிட இந்த விளக்கம்தான் ஆளைக் கொல்லுகிறது.

ஓய்வெடுக்கத்தான் வந்தேன். கொழும்பில் செய்கிற அதே வேலையை மணலில் குந்தியிருந்து செய்துகொண்டிருந்தேன், புகையும் சேர்த்து.

புறப்படுகிற அன்று காலை மச்சாள் வந்து என் கையைப் பிடித்தா. "வாங்க மச்சாள். குசினிக்குள்ள இரிங்க. உங்கட கண்ணுக்கு முன்னால புட்டு அவிக்கிறன். பார்த்துப்போட்டுத் திண்டிட்டுப் போங்க. இல்லாட்டி எனக்கு மனம் ஆறாது."

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை. பலகையில் உட்கார்ந்தேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தா. அரிசி மாவை அள்ளிப் போட்டா. உப்புத் தண்ணீரைத் தெளித்தா. வேன் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், களுவாஞ்சிக்குடியில் தயிர் வாங்கிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் நன்றாகக் கறுத்துப்போனார்கள் என்று என்னைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இடது கையால் மாவைக் குழைத்தா. வலது கை மெல்ல மேலே போனது. சுவர்த் தட்டில் இருந்த தகரப் பேணியின் மூடியைத் தள்ளியது. உள்ளே இறங்கியது. ஒரு பிடி வெள்ளை மாவோடு வந்தது.

"மச்சாள்!" என்றேன்.

கை சட்டிக்கு மேலே நின்றது. விரலிடுக்கால் அவித்த கோதுமை மா சிவப்பரிசி மாவில் கொட்டிக்கொண்டிருந்தது. அவ தன் கையைப் பார்த்தா. யாரோ பிறத்தியாரின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தா.

"என்ட அம்மாளே" என்றா. பிறகு கீழே உட்கார்ந்துவிட்டா.

அந்தப் பக்கத்தில் புட்டுப் பூப்போல வருவதற்கு ஒரு பிடி அவித்த மா போடுவார்கள். அதைக் கோதுமை போட்டதாக யாரும் சொல்வதில்லை, அது அரிசி மாப் புட்டுத்தான். கல்யாணம் முடித்த நாள் முதல் ஒவ்வொரு விடியலிலும் அந்த ஒரு பிடியைப் போட்ட கை அது. அவவைக் கேட்காமலே போடப் பழகிவிட்டது.

"ஆணையிட்டுப் போட்டன் மச்சாள். பொய்ச் சத்தியம் பண்ணிப் போட்டன். அம்மாளுக்கு நான் என்ன சொல்லுவன்?" தேம்பி அழுதா. அந்தக் கையை மடியில் வைக்கவும் பயந்து தூரமாக நீட்டிப் பிடித்திருந்தா.

இரண்டு நாளாக எனக்குள் கிடந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீங்க பொய் சொல்லல்லண்டு அம்மாளுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். எழும்புங்க" என்றேன். எழுப்பித் தொட்டிக்குக் கூட்டிப்போய், அந்தக் கையை நானே சோப் போட்டுக் கழுவினேன். அழுகிற பிள்ளையைப் போல நீட்டிக்கொண்டு நின்றா. சட்டியில் இருந்ததைக் கோழிக்குக் கொட்டினோம். அவரைக் கூப்பிட்டு மாப்பேணியை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்.

என் பையைத் திறந்து சட்டியையும் அரிதட்டையும் மாவையும் எடுத்து அவவிடம் கொடுத்தேன். "நீங்களே செய்யுங்க" என்றேன்.

"எனக்கு என்ட கையில நம்பிக்கை இல்ல மச்சாள். நீங்க புடிச்சிக்கொள்ளுங்க."

பேணி வெளியே போய்விட்டது, இனி என்ன பயம் என்று சொன்னேன். கேட்கவில்லை. அதனால் அவவின் வலது மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். என் பிடிக்குள் அந்தக் கை மாவைக் குழைத்தது, நீர் தெளித்தது, உருட்டியது. இரண்டு தரம் தட்டுப் பக்கம் இழுத்தது. இரண்டு தரமும் எனக்கு முதலே அவவுக்குத் தெரிந்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தா.

புட்டு நல்லா வரவில்லை. மெதுமை போய், உதிர்ந்து, குறுணிக் கல் மாதிரி இருந்தது. பிள்ளைகள் பாணுக்கு ஓடிவிட்டார்கள். அவர் ஒரு கவளத்தை வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தார். நான் தேங்காய்ப்பூவைப் போட்டு, பழஞ்சொதியில் பிசைந்து தின்றேன். தொண்டையில் அடைத்தது. தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றேன்.

மச்சாள் முன்னால் குந்தியிருந்து என் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தா. கோப்பை வெறுமையானது. அகப்பையைத் தூக்கினா, பிறகு பயந்து கீழே வைத்தா.

"இன்னும் ஒள்ளுப்பம் போடுங்க மச்சாள்" என்றேன்.