கல்வாழை விதையில் என் அம்மா

போன கிழமை ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பாசிமணி மாலை விற்றுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிளாஸ்டிக் மணிக்கு என்ன வாசம் இருக்கும்? எனக்குப் பழக்கம் அப்படி. நான் கோத்ததெல்லாம் விதை மணி. அதன் பச்சை வாசம் விரலில் இரண்டு நாள் நிற்கும்.

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளாய்க் குடியிருந்த லயத்துப் பின்பக்கம், தண்ணீர் ஓடும் கான் ஓரமாகக் கல்வாழை மண்டிக் கிடக்கும். விதை வெளுப்பாக இருக்கும்போதே ஊசி குத்திவிட வேண்டும். கறுத்து இறுகிய பின் குத்தினால் ஊசிதான் உடையும். அப்படி நான் உடைத்தது கொஞ்சமல்ல. கடைசியில் என்னைக் கண்டாலே தையல்கார அக்கா ஊசிப் பெட்டியை மூடிவிடுவார்.

அந்த விதையைக் கோத்து அம்மா கழுத்தில் போட்டிருப்பாள். அவள் மகியங்கனைக் காட்டுப் பக்கம் வேடர் குடியில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழரான அப்பா அங்கே ரோட்டு வேலைக்குப் போனார். ரோட்டை முடித்தாரோ இல்லையோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வட்டவளைக்கு வந்துவிட்டார். லயத்தில் அவளுக்குக் 'காட்டுக்காரி' என்று பெயர். கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடைதான் கனமாக இருக்கும். அந்த நேரம் மட்டும் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

அம்மா செத்துப்போய்ப் பல வருசம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், ஹட்டனில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி வைக்கப்போவதாக எங்கள் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் சொன்னார். மணியில் நான் கிளி, ரோசாப்பூ, கைப்பை எல்லாம் செய்வேன். இந்த முறை ஒரு கதவுத் திரை அகலத்துக்கு அம்மாவைக் கோக்கத் தொடங்கினேன். உடம்பு முழுக்கக் கல்வாழை விதை. சேலைக்கும், தலையில் மாட்டும் கூடைக்கயிற்றுக்கும் கொழும்புப் புறக்கோட்டைக் கடையிலிருந்து வந்த கண்ணாடி மணி. அப்பா வழியும் வர வேண்டாமா?

டீச்சர் வந்து பார்த்தார். "வில்லும் கோடாலியும் போடுங்கோவன் அம்மா. அப்பதான் ஆதிவாசி எண்டு விளங்கும்."

"எங்கம்மா கையில வில்ல நான் பாத்ததில்லங்க டீச்சர். கூடையத்தான் பாத்தேன்" என்றேன்.

அதே மாதம் என் மகளுக்கு லிந்துலையிலிருந்து வரன் வந்தது. பையனும் அவளும் முன்பே பார்த்துப் பேசிப் பிடித்துப்போனவர்கள். எங்களுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் பெண் கேட்டு வந்தால் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, முதலில் இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணாய்ப் போனவர்களையெல்லாம் தாண்டிப் போய் அந்த ஊரைச் சொல்ல வேண்டும். அப்பா வழியும் சொல்ல வேண்டும், அம்மா வழியும் சொல்ல வேண்டும். பதில் பிடித்தால் பெண் வீட்டார் தட்டை எடுத்துக்கொள்வார்கள்; பிடிக்காவிட்டால் வந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

"கேட்டா ரெண்டு பக்கமும் ஒங்கப்பா ஊரு துறையூருன்னுரு. புள்ள வாழ்க்க" என்றார் என் வீட்டுக்காரர். சுவரில் மாட்டியிருந்த திரையின்மேல் ஒரு போர்வையையும் போட்டு மூடினார். நானும் துறையூர் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வந்த அன்று நல்ல குளிர். பையனின் அம்மா நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கையை நீட்டி அந்தப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஆத்தாடி! யாருங்க இது?"

என் வீட்டுக்காரர் இருமினார்.

"எங்கம்மாங்க."

"அவுங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் பையனின் தாய்மாமன்.

மகள் தேத்தண்ணியோடு கதவோரம் நின்றாள். துறையூர் என் வாய்வரை வந்தது. எதிரே அம்மாவை வைத்துக்கொண்டு அதற்குமேல் வரவில்லை.

"மகியங்கனங்க. வேடப் பொம்பள. கப்பலேறி வந்தவங்க இல்ல."

"அப்ப ஊரில்லாத வம்சம்னு சொல்லுங்க." மாமன் தட்டில் கை வைத்தார்.

"ஊரில்லாமலா? நாமதாங்க வெளியூரு. அவுங்க உள்ளூரு."

மகள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டாள். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"தட்ட வைங்கண்ணே" என்றார் பையனின் அம்மா. "நம்ம ஊரு எது?"

"முசிறி. உனக்குத் தெரியாதா?"

"அது நம்ம பாட்டன கூட்டியாந்த பெரிய கங்காணி ஊரு. அவரோட ஆளுங்கன்னு லயமே முசிறின்னு சொல்லுது. நெச ஊரு தெரியலியேன்னு அய்யா சாகுறப்ப அழுதாரே, மறந்துட்டீங்களா?"

மாமன் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தார். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா போகும்போதுதான் போர்வையைத் திருப்பித் தந்தார்.

கண்காட்சியில் அம்மா நன்றாகத்தான் தொங்கினாள். பிறகு நூல் இற்று உதிர்ந்துபோனாள். மண் சரியும் என்று லயத்தையும் இடித்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் பேத்தியைப் பெண் கேட்டு வந்தார்கள். பையனுக்குக் கட்டாரில் என்ன வேலை என்று சொன்னார்கள். பேத்தி என்ன படித்தாள் என்று கேட்டார்கள். எங்கள் ஊரைக் கேட்கவில்லை. எழுந்திருக்கப் போகும் நேரம் நானே சொன்னேன்.

"எங்கம்மா மகியங்கனங்க. வேடப் பொம்பள."

"அப்பிடிங்களா பாட்டி" என்றார்கள். மரியாதையான பிள்ளைகள்தான். சொல்லிக்கொண்டே வேன்காரருக்குப் போன் போட்டார்கள்.